தலை சுற்றினால் பிள்ளை மீதா குற்றம்?

பெங்களூரில் ஞாயிற்றுக்கிழமை மாலை என்றால் முன்பெல்லாம் கப்பன் பூங்கா, லால்பாக், இல்லாவிட்டால் ஒரு தமிழ்ப் படம். இப்போது நம்மவர்களும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மால்களுக்குப் போகிறார்கள். வாங்குவதற்கு அல்ல. குளுகுளு காற்றும் நகரும் படிக்கட்டும் அங்கே இலவசம். காசு கேட்பது மேல் மாடியில் இருக்கும் விளையாட்டுக் கூடம்தான். அங்கே சில ஆண்டுகளாக 'வி.ஆர். கேம்' என்று ஒன்று வந்து உட்கார்ந்திருக்கிறது.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். கண்களை முழுவதும் மறைக்கும் ஒரு பெட்டியைத் தலையில் மாட்டுகிறார்கள். ஹெட்செட் என்று பெயர். உள்ளே இரண்டு கண்ணுக்கும் தனித்தனியாகப் படம் ஓடுகிறது. நாம் தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்புகிறது. மேலே பார்த்தால் வானம், கீழே பார்த்தால் பள்ளம். நிற்பது மாலின் மூன்றாவது மாடி என்பது இரண்டே நிமிடத்தில் மறந்து போகிறது. மெய்நிகர் என்று தமிழில் சொல்கிறார்கள். பொருத்தமான பெயர்தான்.

இரண்டு மாதங்களுக்கு முன் என் தங்கை குடும்பத்தோடு நானும் போயிருந்தேன். ஸ்ரீராமபுரத்தில் இருக்கிறார்கள். மச்சான் பீன்யாவில் ஒரு பட்டறையில் பவர் பிரஸ் ஓட்டுகிறார். மகள் பதினோராம் வகுப்பு, மகன் ஏழாம் வகுப்பு. விளையாட்டுக் கூடத்தின் வாசலில் நின்ற பையன் முதலில் கன்னடத்தில் அழைத்தான். எங்கள் பேச்சு காதில் விழுந்ததும் தமிழுக்கு மாறினான். "வாங்க சார், பத்து நிமிஷம் முன்னூறு ரூபாய்" என்றான். மூன்று பேருக்குத் தொள்ளாயிரம். மச்சான் முகத்தைப் பார்த்துவிட்டு நான் கொடுத்தேன்.

மகனுக்குப் பறந்து வரும் பெட்டிகளைக் கத்தியால் வெட்டும் ஆட்டம். நின்ற இடத்தில் நின்று பாட்டுக்குத் தக்கபடி கையை வீச வேண்டும். வியர்க்க வியர்க்க வெட்டித் தள்ளினான். மகளை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து ரோலர் கோஸ்டரில் ஏற்றினார்கள். பக்கத்து நாற்காலியில் நான்.

மூன்றாவது நிமிடமே அவள், "மாமா, வயித்தைப் பிரட்டுது" என்றாள். நான் என் பெட்டியைக் கழற்றிப் பார்த்தபோது அவள் முகம் வெளுத்திருந்தது, நெற்றியில் வியர்வை. "கழற்றிடுங்க" என்றாள். பையனோ, "இன்னும் கொஞ்ச நேரம்தான், கண்ணைத் திறந்து பாரு, பயப்படாதே" என்றான். அவள் பயப்படவில்லை. பயம் வேறு, இது வேறு. அதற்குள் வாந்தி எடுத்துவிட்டாள். துடைப்பதற்கு நூறு ரூபாய் தனியாகக் கேட்டார்கள். கொடுத்தோம். காசைவிட, பையன் ஆறுதலாகச் சொன்ன ஒரு வார்த்தைதான் எனக்கு இன்றும் உறுத்துகிறது.

"சிலருக்கு இது ஒத்துக்காது சார். பசங்க தாங்குவாங்க, பொண்ணுங்களுக்கு வீக்."

தம்பி வீடு வரும் வரை அக்காவைக் கேலி செய்தான். மச்சானும் சிரித்தார். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அந்தத் தீர்ப்பை அவளே ஏற்றுக்கொண்டுவிட்டாள். அடுத்த மாதம் தம்பியோடு போகிறாயா என்று கேட்டபோது, "எனக்கு அது ஒத்துக்காது மாமா" என்று முடித்துவிட்டாள்.

தீர்ப்பு தவறு. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

டிரைவருக்கு ஏன் வாந்தி வருவதில்லை?

சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் மலைப்பாதை வழியாகப் பெங்களூர் வந்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். 27 கொண்டை ஊசி வளைவுகள். பஸ் ஏறும்போதே என் அம்மா கையில் எலுமிச்சம்பழம் இருக்கும், மடியில் ஒரு பிளாஸ்டிக் பை இருக்கும். இஞ்சி மரப்பா வாயில் போட்டுக்கொள்வாள். பத்தாவது வளைவில் எல்லாம் வெளியே வந்துவிடும். அதே பஸ்ஸில் அதே வளைவுகளைத் திரும்பும் டிரைவர் மட்டும் பாட்டுக் கேட்டுக்கொண்டு ஓட்டுவார். அவருக்கு என்ன இரும்பு வயிறா? அவரையே ஓய்வு நாளில் கடைசி சீட்டில் உட்கார வைத்துப் பாருங்கள். பல டிரைவர்கள் அங்கே முகம் வாடிப் போவார்கள்.

காரணம் காதில் இருக்கிறது. நமது உள்காதில் மூன்று சிறிய அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. உள்ளே திரவம் நிரம்பியிருக்கும். தலை எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தத் திரவத்தின் அசைவு மூளைக்குச் செய்தி சொல்லும். பக்கத்தில் இரண்டு சின்னப் பைகள் உண்டு. வண்டி கிளம்புவதையும் நிற்பதையும், உடல் சாய்வதையும் அவை சொல்லும். கண் ஒரு சாட்சி, காது ஒரு சாட்சி, பாதமும் முதுகும் மூன்றாவது சாட்சி. இவை ஒத்துப் போகும்வரை மூளைக்குக் கவலை இல்லை.

பஸ்ஸில் காது 'திரும்புகிறோம்' என்கிறது. முன் சீட்டின் முதுகைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண் 'சும்மா இருக்கிறோம்' என்கிறது. டிரைவருக்கு அந்தக் குழப்பம் இல்லை. கண் பாதையில் இருக்கிறது. ஸ்டியரிங்கைத் திருப்புவது அவர் கை. அடுத்து என்ன வரப்போகிறது என்பது உடம்புக்கு முன்கூட்டியே தெரியும்.

வி.ஆர். ரோலர் கோஸ்டரில் இது தலைகீழ். கண் 'பாதாளத்தில் விழுகிறோம்' என்று அலறுகிறது. காது 'பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம்' என்கிறது. இரண்டில் யாரை நம்புவது என்று மூளை திகைக்கிறது. சரி, திகைத்தால் ஏன் வாந்தி? 1977-ம் ஆண்டில் டிரைஸ்மன் என்ற அறிஞர் ஒரு விளக்கம் சொன்னார். நஞ்சு உண்டவனுக்கும் கண்ணும் காதும் இப்படித்தான் ஒன்றுக்கொன்று முரண்படும். எனவே முரண்பாட்டைக் கண்டதும் மூளை 'ஏதோ விஷம் உள்ளே போய்விட்டது, வெளியேற்று' என்று உத்தரவிடுகிறது என்றார். எல்லா அறிஞர்களும் இதை ஏற்கவில்லை. நிலையாக நிற்க முடியாமல் உடல் தடுமாறுவதே மூல காரணம் என்போரும் உண்டு. எப்படியாயினும் இது மன பலவீனம் அல்ல என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. உள்காதின் இந்த உறுப்பு அடியோடு செயலிழந்தவர்களுக்குத்தான் பயணக் குமட்டல் வருவதில்லை. அதாவது, குமட்டல் வருவது உறுப்பு ஒழுங்காக வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம்!

இப்போது எங்கள் வீட்டு விஷயத்தைப் பாருங்கள். மகன் ஆடியது நின்ற இடத்தில் நின்று கை வீசும் ஆட்டம். அவன் தலையை அசைத்தால்தான் காட்சி அசையும். அவன்தான் டிரைவர். மகள் ஏறியது தானாக ஓடும் வண்டி. அவள் கடைசி சீட்டுப் பயணி. ஒரே கடை, ஒரே மாதிரிப் பெட்டி, ஆட்டம்தான் வேறு. அவனை ரோலர் கோஸ்டரிலும் அவளைக் கத்தி வீச்சிலும் விட்டிருந்தால் கேலி செய்தவன் யாராக இருந்திருப்பான்?

விமானிகளுக்கே வந்தது

இந்தத் தொல்லை வி.ஆர். பெட்டியோடு பிறந்ததல்ல. 1950-களின் பிற்பகுதியிலேயே அமெரிக்காவில் ஹெலிகாப்டர் ஓட்டப் பழக்கும் சிமுலேட்டர் ஒன்றில் இது கண்டறியப்பட்டது. தரையை விட்டு எழாத கூண்டு, எதிரே திரையில் நகரும் காட்சி. அதில் உட்கார்ந்தவர்களுக்குத் தலைசுற்றல், குமட்டல். புதிதாகச் சேர்ந்த மாணவர்களைவிட, பல நூறு மணி நேரம் பறந்த பயிற்சி ஆசிரியர்களுக்குத்தான் அதிகம் வந்தது. உண்மையான ஹெலிகாப்டர் எப்படி ஆடும் என்பது அவர்கள் உடம்புக்குப் பாடம். பொய் ஹெலிகாப்டர் அப்படி ஆடவில்லை என்பதை அந்த உடம்பு கண்டுபிடித்துவிட்டது. அவர்களை யாரும் 'வீக்' என்று சொல்லவில்லை. இயந்திரத்தில் என்ன குறை என்று ஆராய்ந்தார்கள். 1993-ம் ஆண்டில் கென்னடி என்பவரும் அவருடைய குழுவினரும் இதற்கென 16 அறிகுறிகள் கொண்ட ஒரு கேள்வித்தாளையே வெளியிட்டார்கள். இன்றும் ஆராய்ச்சியாளர்கள் அதைத்தான் கையில் எடுக்கிறார்கள்.

விளையாட்டு வியாபாரிகளுக்கும் தெரியாமல் இல்லை. ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1995-ல் 'வெர்ச்சுவல் பாய்' என்று ஒரு பெட்டி விற்றது. நடுநடுவே ஆட்டத்தை நிறுத்தி ஓய்வெடுக்கச் சொல்லும் ஏற்பாடு அதில் இருந்தது. தலைவலி தருகிறது என்ற புகார்களுக்கிடையே அடுத்த ஆண்டே அது கடையை விட்டுப் போயிற்று. இப்போதைய தலைமுறைப் பெட்டிகள் 2016-ல் விற்பனைக்கு வந்தபோது, கைவினைஞர் மாதிரி இதற்காகவே உழைத்திருந்தார்கள். 2013-ல் வந்த ஆக்குலஸ் சோதனைப் பெட்டியில் படம் வினாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்பட்டது. 2016-ல் அது 90 முறை ஆயிற்று. தலை திரும்பியதற்கும் படம் திரும்புவதற்கும் உள்ள தாமதம் ஒரு வினாடியில் ஐம்பதில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்று இலக்கு வைத்தார்கள். அதற்கு மேல் தாமதித்தால் உடம்பு கண்டுபிடித்துவிடும்.

ஆட்டங்களை அமைப்பவர்களும் பல வழி கண்டார்கள். நடந்து போவதற்குப் பதிலாகப் போக வேண்டிய இடத்தைக் கையால் காட்டினால் கண்சிமிட்டும் நேரத்தில் அங்கே கொண்டுபோய் நிறுத்துவது ஒன்று. வட்டமாகச் சுழற்றாமல் கடிகார முள் போலத் துள்ளித் துள்ளித் திருப்புவது ஒன்று. வேகமாக நகரும்போது காட்சியின் ஓரங்களை இருட்டாக்கி நடுவை மட்டும் காட்டுவது இன்னொன்று. நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தார் 2016-ல் சோதித்துப் பார்த்து இது பலன் தருகிறது என்றார்கள். இவற்றையெல்லாம் ஆட்டத்தின் அமைப்புப் பக்கத்திலேயே வைத்திருக்கிறார்கள். வேண்டியவர் போட்டுக்கொள்ளலாம். 2020-ல் வந்த புகழ்பெற்ற 'ஹாஃப் லைஃப் அலிக்ஸ்' ஆட்டத்தில் நகர்வதற்கே பல முறைகள் உண்டு. எது ஒத்துக்கொள்கிறதோ அதைத் தேர்ந்துகொள்ளலாம்.

மெட்டா நிறுவனம் தன் ஆட்டங்களை 'சௌகரியமானது', 'நடுத்தரம்', 'கடுமையானது' என்று மூன்று தரமாகப் பிரித்து விற்றது. அதாவது எது வயிற்றைப் பிரட்டும் என்பது செய்தவனுக்குத் தெரியும், விற்றவனுக்குத் தெரியும். காசு கொடுத்து உட்காருபவனுக்கு மட்டும் தெரியாது!

கண்ணுக்கு அளவு எடுத்தார்களா?

பெண் பிள்ளைகளுக்கு வீக் என்ற பேச்சுக்கு வருவோம். வி.ஆர். ஆட்டத்தில் பெண்களுக்குக் குமட்டல் அதிகம் என்று அமெரிக்காவில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தார் 2017-ல் ஓர் ஆய்வு வெளியிட்டது உண்மைதான். பலர் அத்துடன் நிறுத்திக்கொண்டார்கள். 2020-ல் வேறொரு குழுவினர், ஏன் என்று மேலும் தோண்டினார்கள். கண்டது என்ன தெரியுமா? பெட்டிக்குள் இருக்கும் இரண்டு வில்லைகளுக்கும் இடையே உள்ள தூரம், போட்டிருப்பவரின் இரண்டு கண்மணிகளுக்கும் இடையே உள்ள தூரத்தோடு பொருந்த வேண்டும். பெண்களுக்கு இந்த இடைவெளி சராசரியாகச் சற்றுக் குறைவு. பிள்ளைகளுக்கு இன்னும் குறைவு. அன்றைய பெட்டிகளை அவ்வளவு குறுக்க முடியவில்லை. பொருந்தாத பெட்டியே பெரிய காரணம் என்பது அவர்கள் முடிவு.

மூக்குக்கண்ணாடிக் கடையில் அளவு எடுக்காமல் யாராவது கண்ணாடி மாட்டுவார்களா? குவெஸ்ட் 2 என்ற பெட்டியில் 58, 63, 68 மில்லிமீட்டர் என்று மூன்று நிலைகள் உண்டு. வில்லையைக் கையால் நகர்த்தினால் போதும். அன்று எங்கள் பெண்ணுக்கு முன்னால் ஆடியவர் ஆறடி உயர மனிதர். அவர் தலையிலிருந்து கழற்றியதை அப்படியே இவள் தலையில் மாட்டினார்கள். முகத்தில் படும் பஞ்சில் அவர் வியர்வைகூட உலர்ந்திருக்காது. அது வேறு விஷயம்.

மாலில் உள்ள கடையாவது பரவாயில்லை. பொருட்காட்சியிலும் தேர்த்திருவிழாவிலும் நூறு ரூபாய்க்குக் காட்டுகிறார்களே, அதில் பெரும்பாலும் ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் செல்போனைச் செருகி வைத்திருப்பார்கள். தலையை இடம் வலமாகத் திருப்பினால் படம் திரும்பும். ஆனால் உடம்பை முன்னால் சாய்த்தால் காட்சி கிட்டே வராது. பொய் அங்கேயே வெளிப்பட்டுவிடும். வயிறு உடனே புகார் செய்யும்.

வேலைக்கும் வந்துவிட்டது

இது விளையாட்டுச் சமாசாரம், மால் பக்கமே போகாவிட்டால் தீர்ந்தது என்று சிலர் நினைக்கலாம். அப்படி இல்லை. வெல்டிங், வண்ணம் அடித்தல், கிரேன் ஓட்டுதல் ஆகியவற்றைக் கற்றுத்தர இதே பெட்டிகள் வந்துவிட்டன. கம்பி வீணாகாது, கை சுடாது, விபத்து இல்லை என்பதால் முதலாளிகள் விரும்புகிறார்கள். நல்லதுதான். நாளை நம் வீட்டுப் பையன் ஒருவன் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வேலைக்குப் போகிறான். தலையில் பெட்டியை மாட்டி 'ஓட்டிக் காட்டு' என்கிறார்கள். அளவு பொருந்தவில்லை, காட்சி தாமதிக்கிறது, பத்து நிமிடத்தில் அவனுக்குத் தலை சுற்றுகிறது. 'கிரேனுக்கு லாயக்கில்லை' என்று எழுதிவிட்டால்? உண்மையான கிரேனில் அவனுக்குத் தலையே சுற்றாமல் இருக்கலாம். விளையாட்டுக் கூடத்தில் 'சிலருக்கு ஒத்துக்காது' என்று கேட்டுத் தலையாட்டிப் பழகிய நாம், தொழிற்சாலை வாசலிலும் தலையாட்டிவிட்டுத் திரும்பி வருவோம். இது எனக்குள்ள பெரிய அச்சம்.

இன்னொன்று, உயிர் சம்பந்தப்பட்டது. அன்று மகளைக் கவனித்ததில் என்னை மறந்துவிட்டேன். எனக்கு வாந்தி வரவில்லை, லேசான கிறுகிறுப்பு, ஓயாத கொட்டாவி. அவ்வளவுதான் என்று ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். யஷ்வந்த்பூர் பக்கம் சிக்னலில் நின்றபோது, முன்னால் நின்ற பி.எம்.டி.சி. பஸ் பின்னால் உருண்டு வருவது போலத் தோன்றியது. பிரேக்கை இறுக்கிப் பிடித்தேன். நான் நின்றுகொண்டுதான் இருந்தேன், பஸ்ஸும் நின்றுகொண்டுதான் இருந்தது. ஓரமாக நிறுத்தி, டீக்கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்த பிறகே வண்டியைத் தொட்டேன்.

கொட்டாவியும் தூக்கக் கலக்கமும்கூட இந்தக் கோளாற்றின் பகுதிதான். வாந்தியே இல்லாமல் தூக்கம் மட்டும் வரலாம். சிலருக்குக் கழற்றிய பிறகும் மணிக்கணக்கில் நீடிக்கும். அமெரிக்கப் படைகளில் சில தளங்களில், சிமுலேட்டரில் பயின்றவர் சில மணி நேரம் கழியும் வரை உண்மை விமானத்தில் ஏறக் கூடாது என்றே விதி வைத்தார்கள். பெட்டி செய்யும் நிறுவனத்தின் எச்சரிக்கைத் தாளிலும் இருக்கிறது: தலைசுற்றல் இருந்தால் வண்டி ஓட்டாதே, அரை மணிக்கு ஒருமுறை பத்துப் பதினைந்து நிமிடம் ஓய்வெடு, தூக்கம் இல்லாதபோதும் சளி, தலைவலி, காதுவலி உள்ளபோதும் ஆடாதே என்று. அந்தத் தாள் பெட்டியோடு வந்து, பிரித்த அன்றே குப்பைக்குப் போயிருக்கும். இரவு ஷிப்டு முடித்துவிட்டுத் தூங்காமல் பிள்ளைகளை அழைத்துவரும் அப்பாக்கள் நம்மில் எத்தனை பேர்!

கடைக்காரர் என்ன செய்ய வேண்டும்?

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. எந்த ஆட்டம் எந்தத் தரம் என்று காசு வாங்கும் இடத்தில் ஒரு பலகை, தமிழிலும் கன்னடத்திலும். முதல் தடவை வருபவரைக் கடுமையான ஆட்டத்தில் ஏற்றக் கூடாது. மாட்டும்போது எழுத்துத் தெளிவாகத் தெரியும் வரை வில்லையைச் சரி செய்ய வேண்டும். முகத்துக்கு நேரே ஒரு மின்விசிறி. காற்றுப் பட்டால் குமட்டல் குறைகிறது என்பதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 'கழற்று' என்று ஆடுபவர் சொன்னால் அந்த வினாடியே கழற்ற வேண்டும். மிச்ச நேரத்துக்கு மிச்சக் காசு.

கடைசியாகச் சொன்னதில்தான் வம்பு வரும். 'எல்லாரும் எட்டு நிமிஷம் ஆடிவிட்டுத் தலை சுற்றுது என்பார்கள், வாடகை யார் கொடுப்பது' என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். முதல் மூன்று நிமிடத்துக்குள் கழற்றினால் பாதிப் பணம் என்று வைத்துக்கொள்ளட்டும். குமட்டல் வருகிறவர்களில் சிலருக்குத் தொடக்கத்திலேயே குறி தெரிந்துவிடும். பணம் திரும்பாது என்பதாலேயே 'கொடுத்த காசுக்கு ஆடித் தீர்ப்போம்' என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்காருபவர்கள் நம்மில்தான் அதிகம். அப்படித் தாங்கிக்கொள்வதால் பழகிவிடாது, உடம்பு வெறுக்கத்தான் கற்றுக்கொள்ளும். நாள் விட்டு நாள் ஐந்து பத்து நிமிடமாக ஆடி, கலக்கம் தொடங்கும் முன்பே நிறுத்தினால்தான் பழகும். சேவையின் தன்மையை முன்கூட்டியே அறியும் உரிமையை 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நமக்குத் தந்திருக்கிறது. முன்னூறு ரூபாய்க்கு வழக்குப் போடச் சொல்லவில்லை. பணம் நீட்டும் முன் நாலு கேள்வி கேட்பதற்கு அந்தச் சட்டத்தின் தைரியம் போதும்.

என்ன கேட்பது? இந்த ஆட்டத்தில் நான் நகர்கிறேனா, அதுவாக என்னை நகர்த்துகிறதா என்று ஒன்றைக் கேட்டாலே பாதி விஷயம் விளங்கிவிடும். அதுவாக நகர்த்துவது என்றால் முதல் தடவை வேண்டாம். நிறைந்த வயிற்றோடும் வேண்டாம். பிரியாணி சாப்பிட்டுவிட்டு நேரே மேல் மாடிக்குப் போகிறோமே, அதைச் சொல்கிறேன். பஸ்ஸில் போடும் வாந்தி மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஆடலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். அந்த மாத்திரைகள் பல தூக்கம் வரவழைப்பவை. பிறகு வண்டி ஓட்டி வீட்டுக்குப் போக வேண்டும் என்பதை அவர் மறந்துவிட்டார். கொட்டாவி, வாயில் உமிழ்நீர் ஊறுவது, குளிர்ந்த வியர்வை இவையே முன்னறிவிப்பு. கண்ணை மூடிக்கொண்டு கழற்றச் சொல்ல வேண்டும். கழற்றிய பின் தூரத்தில் அசையாமல் நிற்கும் ஏதாவது ஒன்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் மெல்லத் தணியும்.

அந்தப் பையனைத் திட்டுவதில் பயனில்லை. ஊர் எது தம்பி என்று கேட்டேன். ஆம்பூர். மாதச் சம்பளத்துக்கு நிற்கிறான். ஒரு நாளைக்கு இத்தனை பேரை ஏற்ற வேண்டும் என்று கணக்கு. பெட்டியை மாட்டச் சொல்லிக் கொடுத்தார்களே தவிர, வில்லை நகரும் என்பதை யாரும் சொல்லித்தரவில்லை. நான் காட்டியபோது, "இது எதுக்குன்னு தெரியாமதான் இருந்தது சார்" என்றான்.

போன ஞாயிற்றுக்கிழமை வேறு வேலையாக அந்தப் பக்கம் போனவன், எட்டிப் பார்த்தேன். பையன் அடையாளம் கண்டுகொண்டான். பலகை வைத்தாயிற்றா என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே ரோலர் கோஸ்டர் நாற்காலிப் பக்கம் கையைக் காட்டினான். காலடியில் புத்தம் புதிய பிளாஸ்டிக் வாளி ஒன்று.

"பலகைக்குத்தான் சொன்னேன் சார். முதலாளி இதை வாங்கிக் கொடுத்தார்."